மொட்டை கோபுரத்துக்கு மாடி எடுத்த கணக்கு

எங்கள் வீட்டில் எங்கேயும் போகாத மாடிப்படி ஒன்று இருக்கிறது.

தென்னூரில் 1981-ல் தாத்தா கட்டிய வீடு. கீழே ஒரு கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு. வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவரெல்லாம் வைத்து ஜம்மென்று ஒரு மாடிப்படி. ஏறினால் மொட்டை மாடி, அவ்வளவுதான். வத்தல் காயப்போடலாம், மலைக்கோட்டையைப் பார்க்கலாம், பரீட்சைக்கு முந்தின ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கலாம். "நாளைக்கு மேல ஒரு மாடி எடுக்கணும்னா படி வேணும்ல, அதான் இப்பவே கட்டிட்டேன்" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளைக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த வருஷம் அந்தப் பேச்சு திரும்பக் கிளம்பியது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் உள்ளூரிலேயே வேலை. மேலே ஒரு 600 சதுரடி எடுத்துவிட்டால் அவர்கள் வாடகை கொடுக்க வேண்டாம் என்பது அப்பாவின் திட்டம். அப்பா ரிட்டயர் ஆக இன்னும் மூன்றே வருஷம். பி.எஃப். பணத்தில் பாதியை எடுக்கப்போகிறார். மேஸ்திரி வந்தார், டேப் பிடித்தார், "சதுரடிக்கு 2,300" என்றார். 13 லட்சத்து 80 ஆயிரம். அப்பா தலையாட்டிவிட்டார். அம்மாதான் "எதுக்கும் ஒரு இஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டிடலாமே" என்றாள்.

இஞ்சினியர் வந்து மாடிக்கே போகவில்லை. கொல்லைப்பக்கச் சுவரை நாலு தட்டுத் தட்டினார். "மேல என்ன கட்டப்போறீங்கன்னு அப்புறம் பேசலாம் சார். கீழ என்ன இருக்குன்னு முதல்ல பார்க்கணும். சுவரை ஒட்டி ஒரு குழி வெட்டி வைங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு எரிச்சல். எனக்கு அந்த ஒரு வாரத்தில் படிக்க ஒரு விஷயம் கிடைத்தது.

ஏனென்றால் நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய மாடி எடுத்தல் ஒன்று நடந்திருக்கிறது. நானூறு வருஷத்துக்கு மேல் மொட்டையாக நின்ற ஒன்றின் மேல் 13 நிலை கட்டினார்கள். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகிறவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத்தான் சொல்கிறேன்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பேலன்ஸ் ட்ரயல் பேலன்ஸ்தான். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் சிவில் படிக்கிறான், அவனை நச்சரித்து எழுதியது இது. தப்பு இருந்தால் அவனைத் திட்டவும் :-)

நம்மில் பலர் ராஜகோபுரம் ஆயிரம் வருஷம் பழசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியூர்க்காரர்களை அழைத்துப் போகும்போது நானே அப்படி அளந்துவிட்டிருக்கிறேன். உண்மையில் அது நம் பெற்றோரைவிடச் சின்னது. 1987 மார்ச் 25-ல்தான் அதற்குக் குடமுழுக்கு. கூகிளில் பழைய படங்களைத் தேடினால் தெரியும், அந்த இடத்தில் மேலே ஒன்றுமில்லாத கருங்கல் வாசல் மட்டும் நிற்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மொட்டை கோபுரம். ராயர் தொடங்கியது என்பதால் ராய கோபுரம் என்றும் சொல்வார்கள்.

அந்த ராயர் விஜயநகரத்து அச்சுததேவராயர். ஆண்ட காலம் 1529 முதல் 1542 வரை. கிருஷ்ணதேவராயரின் தம்பி, ஆனால் அண்ணனுக்குக் கிடைத்த பெயரில் கால்வாசி கூடக் கிடைக்காதவர். ஸ்ரீரங்கம் கோயிலில் ஏழு சுற்று மதில். ஏழாவது, அதாவது கடைசி மதிலின் தெற்கு வாசலில் எல்லாவற்றையும் மிஞ்சும் ஒரு கோபுரம் வேண்டும் என்று தொடங்கினார்கள். சுமார் 17 மீட்டர் உயரத்துக்குக் கல்வேலை வந்தது. அப்புறம் ராயரும் போனார், அரசியலும் குழம்பியது, 1565-ல் தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரமே ஆட்டம் கண்டுவிட்டது. ஸ்பான்சர் போனால் புராஜெக்ட் நிற்கும். அதற்கப்புறம் நாயக்கர்கள், நவாப், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று வரிசையாக வந்து போனார்கள். வாசல் அப்படியே நின்றது.

1876-ல் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியக் கட்டடக்கலை பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். அதில் ஸ்ரீரங்கத்தின் வெளிமதிலில் முடியாமல் நின்ற பெருவாசல் ஒன்றின் அளவுகளைக் கொடுத்திருக்கிறார். நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் 40 அடிக்கு மேல் உயரமான ஒரே கருங்கல். மற்ற கோபுரங்களின் விகிதத்தில் இதன் மேலும் செங்கல்லை எழுப்பியிருந்தால் ஏறத்தாழ 300 அடி வந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். (முடிக்காமல் விட்டதால்தான் இது பார்க்க இவ்வளவு அழகாக இருக்கிறதோ என்றும் ஒரு குத்து. நம் கோபுரங்களில் பொம்மை ஜாஸ்தி என்று அவருக்கு ஒரு எண்ணம்.)

அந்த 300 அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1979 மே 20-ல் வேலை திரும்பத் தொடங்கியது. எடுத்துச் செய்தவர் அஹோபில மடத்தின் 44-வது பட்டம் அழகியசிங்கர். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில், மற்றவர் விட்டுப்போன வேலையை, அதுவும் நாட்டிலேயே பெரிய கோபுரத்தைக் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் எந்த பேங்க் மேனேஜரும் லோன் சாங்ஷன் பண்ணமாட்டார். அவரும் பேங்குக்குப் போகவில்லை. நிலைக்கு ஒரு உபயதாரர் என்று பிரித்தார்கள். ஒரு நிலையின் செலவை இளையராஜா ஏற்றுக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை.

காமர்ஸ் மாணவனாக எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. "கோபுரத்துக்கு நன்கொடை கொடுங்கள்" என்றால் கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போனது என்று தெரியாது. "இந்த நிலை உங்களுடையது" என்றால் கை நீட்டிக் காட்டலாம். கட்டுகிறவருக்கும் வசதி. மேலே போகப்போக நிலை சின்னதாகும், செலவும் குறையும். அடி நிலைகளுக்குத்தான் பெரிய கை வேண்டும். எட்டே வருஷத்தில் 13 நிலையும் முடிந்து, மேலே 13 செப்புக் கலசங்கள் ஏறின. கலசம் ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம், 135 கிலோ எடை. தரையிலிருந்து பார்த்தால் சொம்பு மாதிரி இருக்கும்! மொத்த உயரம் 236 அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, இன்னும் மூன்று அடி சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம்.

ராஜகோபுரம் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பட்டியல் வருகிறது. 1.7 கோடி செங்கல், 20,000 டன் மணல், 12,000 டன் சிமென்ட், 1,000 டன் கருங்கல், 130 டன் இரும்புக் கம்பி, 8,000 டன் வர்ணம். மொத்த எடை சுமார் 1,28,000 டன். ஒரு ஆடிட்டரிடம் இப்படி ஒரு பட்டியல் கொடுத்தால் முதலில் என்ன செய்வார்? ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார். நானும் பார்த்தேன்.

நண்பன் ஒரு அளவுகோல் கொடுத்தான். இன்றைக்கு 1,000 சதுரடி வீட்டுக்குத் தோராயமாக 20,000 செங்கல், 400 மூட்டை (20 டன்) சிமென்ட், 4 டன் கம்பி, 80 டன் மணல். அதை வைத்து வகுத்தால், ராஜகோபுரத்துச் செங்கல்லில் 850 வீடு கட்டலாம். ஆனால் கம்பியில் 32 வீடுதான் கட்டலாம்!

முதலில் ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்தேன். நண்பன் சிரித்தான். "அதுலதான்டா விஷயமே இருக்கு" என்றான். கம்பி எதற்கு? கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் உடைந்துபோகும். வீட்டுத் தளம் இரண்டு சுவருக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கிறது, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. இழுவையைத் தாங்கத்தான் கம்பி. கோபுரம் அப்படியில்லை. மேலே போகப்போகக் குறுகும் ஒரு செங்கல் மலை. எடை முழுக்க நேராகக் கீழே இறங்குகிறது. செங்கல்லுக்கு அழுத்தம் என்றால் பிரச்சனையே இல்லை. உள்ளே நிலைகளின் தளங்களுக்கும் உத்திரங்களுக்கும் மட்டும் கம்பி போதும். கர்நாடகத்தில் முருடேஸ்வரத்தில் 2008-ல் இதே உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டினார்கள், அது கான்கிரீட், உள்ளே லிஃப்ட் போகிறது. நம்முடையது பழைய முறையிலேயே எழுந்த கோபுரம். அடி கருங்கல், மேலே செங்கல். கருங்கல்லைவிடச் செங்கல் மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு, விலையும் குறைவு, பொம்மை செய்யச் சுதையும் நன்றாக ஒட்டும். சோழர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உயரத்தைக் கோபுரத்தில் காட்டத் தொடங்கியபோது பிடித்துக்கொண்ட சிக்கனம் இது.

சிமென்டும் மணலும் கொஞ்சம் உதைக்கிறது. அந்தச் சிமென்டில் 600 வீடு கட்டலாம், அந்த மணலில் 250 வீடுதான். ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல்கூட வரவில்லை. இவ்வளவு காரமான கலவையில் எந்தக் கொத்தனாரும் செங்கல் கட்டமாட்டார். இரண்டில் ஏதோ ஒரு எண்ணில் கை தவறியிருக்கிறது என்பது என் சந்தேகம்.

பெரிய வேடிக்கை வர்ணம். 8,000 டன்! கோபுரத்தின் நாலு பக்கத்தையும் தோராயமாக அளந்தால் 75,000 சதுரடி வருகிறது. பொம்மைகளின் மடிப்பு நெளிப்பெல்லாம் சேர்த்து ஐந்து மடங்கு என்று தாராளமாக வைத்தாலும் 3,75,000 சதுரடி. 8,000 டன்னை அதில் பரப்பினால் சதுரடிக்கு 21 கிலோ பெயின்ட். கோபுரத்துக்கே ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கும். 8,000 கிலோ என்று வைத்துப்பாருங்கள், சதுரடிக்கு 21 கிராம். பெயின்டர் ஒருவரிடம் கேட்டேன், ஒரு கோட்டுக்கு இது சரியாக வரும் என்றார். யாரோ ஒருவர் எங்கேயோ கிலோவை டன் ஆக்கியிருக்க வேண்டும், அதற்கப்புறம் எல்லோரும் ஈயடிச்சான் காப்பி என்பது என் ஊகம். நானும் பத்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்காக இந்த 8,000 டன்னை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். பரிசும் கொடுத்தார்கள்.

ஆனால் மொத்த எடை மட்டும் நம்பும்படி இருக்கிறது. செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் 51,000 டன். மணல், சிமென்ட், கல் சேர்த்தால் 84,000. அடியில் ராயர் காலத்துக் கருங்கல் வேலை 40,000 டன்னுக்கு மேல் வரும். கூட்டினால் கிட்டத்தட்ட அந்த 1,28,000 வந்துவிடுகிறது.

இப்போது இஞ்சினியர் எங்கள் கொல்லையில் கேட்ட கேள்வியை ஸ்ரீரங்கத்தில் கேட்போம். கீழே என்ன இருக்கிறது?

கோபுரத்தின் அடி 166 அடிக்கு 97 அடி. சுமார் 16,100 சதுரடி. எடையை வகுத்தால் சதுரடிக்கு 8 டன். ஒவ்வொரு சதுரடியிலும் இரண்டு யானை நிற்கிற மாதிரி. எங்கள் வீட்டுச் சுவர் மண்ணில் கொடுக்கும் பாரம் சதுரடிக்கு ஒரு டன்கூட இராது. ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு, ஆறு கொண்டுவந்து போட்ட மண். கடைக்கால் கீழே இன்னும் அகலமாக விரிந்துதான் இருக்க வேண்டும், அதனால் மண் மேல் விழும் பாரம் இந்த எட்டைவிடக் குறையும். குறைந்தாலும் சின்ன பாரம் இல்லை.

இத்தாலியில் பைசா நகரத்துக் கோபுரம் உலகத்துக்கே தெரியும். அதன் எடை 14,500 டன்தான், சதுரடிக்கு நாலரை டன் சுமார். அதற்கே சாய்ந்துவிட்டது, காரணம் அடியில் இருந்த இளகிய களிமண். அதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1173-ல் தொடங்கி, சில வருஷத்திலேயே மூன்று நாலு நிலையோடு வேலை நின்றுபோனது. திரும்ப 1272-ல்தான் தொடங்கினார்கள், முடிந்தது 1370 வாக்கில். நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அது அப்போதே விழுந்திருக்கும் என்கிறார்கள் மண்ணியல் நிபுணர்கள். ஈரக் களிமண் நனைந்த பஞ்சு மாதிரி. திடீரென்று மிதித்தால் பிதுங்கும். மெதுவாக, வருஷக்கணக்கில் அழுத்தினால் தண்ணீர் வெளியேறி இறுகிக்கொள்ளும். அந்த நூறு வருஷ நிறுத்தம்தான் பைசா கோபுரத்தைக் காப்பாற்றியது.

இதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் நம் ஊரில் நானூறு வருஷ நிறுத்தம்! எத்தனை வெள்ளம் பார்த்திருக்கும் அந்த அடித்தளம், நானூறு வருஷ லோடு டெஸ்ட் அல்லவா என்று நண்பனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டேன். அவன் தூக்கக் கலக்கத்திலேயே என் பலூனைக் குத்திவிட்டான். "டேய், அது அடிக்கல்லோட எடைக்கு மட்டும்தான் டெஸ்ட். மொத்தத்துல மூணுல ஒரு பங்கு. பாக்கி ரெண்டு பங்கை எட்டே வருஷத்துல ஏத்தியிருக்காங்க. மூணு பேர் உட்காரப் போற கட்டில்ல ஒருத்தன் நானூறு வருஷம் உட்கார்ந்திருந்தா, மூணு பேரைத் தாங்கும்னு அர்த்தமா?"

அர்த்தம் இல்லைதான். அப்புறம் என்ன தைரியத்தில் ஏற்றினார்கள்?

இங்கேதான் ஃபெர்குசனின் 300 அடி உதவுகிறது. அவர் குறிசொல்லவில்லை. வாசலின் அகலத்தையும் ஆழத்தையும் பார்த்தாலே மேலே எவ்வளவு வரவேண்டும் என்று தெரியும், கோபுரம் கட்டும் மரபில் அந்த விகிதம் ஸ்தபதிகளுக்குப் பாடம். அதாவது அந்த அடித்தளமே ஒரு பிளான். ராயர் காலத்து ஸ்தபதிகள் இருக்கிற காசுக்கு ஒரு வாசல் போடுவோம், மீதியைப் பிறகு பார்ப்போம் என்று கட்டவில்லை. முழுக் கோபுரத்தையும் மனதில் வைத்து அதற்கான அடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1987-ல் முடிந்தது 236 அடி. 300-க்கு உள்ளேதான்.

யோசித்துப் பார்த்தால் இது சாதாரண செலவு இல்லை. கட்டடத்தில் மண்ணுக்குள் போகும் பணத்துக்கு யாரும் கைதட்டமாட்டார்கள். கடைக்காலுக்கு உபயதாரர் கல்வெட்டு வைப்பதில்லை. தான் பார்க்கப்போகாத 13 நிலைக்காக ராயர் பணத்தைப் பூமிக்குள் போட்டார், மேலே அவர் பெயர் சொல்ல ஒரு நிலைகூட ஏறவில்லை. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர், மூழ்கிய செலவு, முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். நானூறு வருஷம் கழித்து அந்த மூழ்கிய செலவின் மேல்தான் ஏறி நின்றார்கள்.

பழைய அடித்தளம் என்றாலே பத்திரம் என்று சொல்லவரவில்லை. அச்சுதராயரின் அண்ணன் கிருஷ்ணதேவராயர் 1516-ல் காளஹஸ்தியில் கட்டிய ஏழு நிலைக் கோபுரம் முழுதாக முடிந்த கோபுரம்தான். 494 வருஷம் நின்றது. பிறகு விரிசல் விட்டு, 2010 மே 26 ராத்திரி தரைமட்டமானது. புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு 2017-ல்தான் குடமுழுக்கு ஆனது. ஸ்ரீரங்கத்திலேயே 2023 ஆகஸ்ட் 5 அன்று நள்ளிரவுக்கு மேல் கிழக்கு வாசல் கோபுரத்தின் கொடுங்கை இடிந்து தெருவில் விழுந்தது. பகலாக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நல்லவேளை யாருக்கும் காயமில்லை.

அடியில் இல்லாத பலத்தின் மேல் மாடி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 1995-ல் தென்கொரியாவில் சம்பூங் என்ற கடை வளாகம், நாலு மாடியாகத் தொடங்கி ஐந்தாவதைச் சேர்த்தார்கள், 502 பேர் இறந்தார்கள். 2013 ஏப்ரல் 24-ல் டாக்காவில் ராணா பிளாசா. அனுமதி இல்லாமல் எழுப்பிய மேல்மாடிகள், மேலே ஜெனரேட்டர்கள், 1,100-க்கும் அதிகமான தையல் தொழிலாளர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் எங்கள் வீட்டுக் குழிக்குள் இறங்க முடியாது. அது பர்மிட்.

ராஜகோபுர வேலை தொடங்கிய 1979-ல் சிமென்ட் என்பது கடையில் போய் வாங்கும் சாமான் இல்லை. விலையும் விநியோகமும் அரசாங்கத்தின் கையில். மனுப் போட்டு, பர்மிட் வாங்கி, ஒதுக்கிய மூட்டைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். சிமென்ட் ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் முடிச்சுப் போட்டதாக வழக்கு வந்து, 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவியையே விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம், 1982 பிப்ரவரியில்தான் பாதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். முழுக்க எடுத்தது 1989 மார்ச்சில். ஆக, கோபுரம் எழுந்த எட்டு வருஷத்தில் முதல் மூன்று வருஷம் முழுப் பர்மிட் காலம். எங்கள் வீடும் அதே காலம். திருச்சி ஜில்லாவிலேயே டால்மியாபுரத்தில் 1939-லிருந்து சிமென்ட் ஆலை ஓடுகிறது. ஆலை பக்கத்தில், மூட்டை எட்டாத தூரத்தில்.

இதைப் பாட்டியிடம் கேட்டபோது கொட்டித் தீர்த்துவிட்டாள். "உங்க தாத்தா பொன்மலை ஒர்க்ஷாப்புல ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு நேரா போய் க்யூல நிப்பாரு. வந்த மூட்டையைக் கூடத்துல அடுக்கி அது மேல பாயைப் போட்டுப் படுத்துக்குவாரு, எவனும் தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு. அத்தனை மூட்டையும் தளத்துக்கே சரியா போச்சு."

தளத்துக்கே சரியாகப் போயிற்று என்றால் சுவருக்கு?

போன சனிக்கிழமை இஞ்சினியர் வந்தார். சித்தாள் இரண்டு பேர் வெட்டி வைத்திருந்த குழி, மூன்றடி ஆழம். அப்பா, நான், மேஸ்திரி மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். இஞ்சினியர் குழிக்குள் இறங்கி, செங்கல் இடுக்கில் கார் சாவியை வைத்துச் சுரண்டினார். சாவி பாட்டுக்கு உள்ளே போனது. கையில் எடுத்துக் காட்டினார், செம்மண். சுவர் முழுக்க மண் சாந்து. மேல்பூச்சு மட்டும் சிமென்ட். கடைக்காலும் இரண்டடியிலேயே முடிந்துவிட்டது, அடியில் செங்கல் ஜல்லி கொட்டித் திமிசு போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக நாங்கள் சிமென்ட் வீடு என்று நம்பிக்கொண்டிருந்தது அரை அங்குலப் பூச்சு.

"இதுவரைக்கும் நின்னுச்சு, இனியும் நிக்கும். ஒரு தளத்தைத்தான் தாங்கும். இன்னொண்ணு வைக்காதீங்க" என்றார். மேஸ்திரி, "சார், இந்தத் தெருவுல பாதி வீடு இப்படித்தான், எல்லாம் மாடி எடுத்திருக்காங்க" என்றார். அது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, மேலே கனமில்லாமல் ஷீட் போட்ட ஒரு அறை. இரண்டு, பழைய சுவரைத் தொடாமல் வீட்டைச் சுற்றி வெளியே எட்டு பில்லர், ஒவ்வொன்றுக்கும் ஐந்தடி குழி வெட்டித் தனி அடித்தளம், மேலே பீம் கோத்து, புதுத் தளம் பழைய வீட்டின் மேல் படாமல் நிற்கும். அதற்கு 4 லட்சம் கூட ஆகும். அந்த 4 லட்சத்தில் ஒரு சதுரடிகூடப் புதிதாகக் கிடைக்காது. அப்பா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. தாத்தா மேல் கோபமா, மேஸ்திரி மேல் கோபமா, பி.எஃப். மேல் கவலையா, தெரியவில்லை.

எனக்குத் தாத்தா மேல் கோபம் வரவில்லை. ராயருக்குச் சிமென்ட் பர்மிட் கிடையாது. தாத்தா கையில் வந்த மூட்டைகளைத் தலைக்கு மேல் போட்டார், பேத்திக்கும் பேரனுக்கும் ஒழுகாமல் இருந்தால் போதும் என்று. மீதியை நம்பிக்கையாகப் படிக்கட்டில் கட்டிவைத்தார்.

ஸ்ரீரங்கத்துக்குப் போனால் தெற்கு வாசலோடு திரும்பிவிடாமல் வடக்கு வாசலுக்கும் நடந்து போய்ப் பாருங்கள். வெளிமதிலில் அங்கேயும் ஒரு மொட்டை கோபுரம் நிற்கிறது. அதற்கு இன்னும் யாரும் வரவில்லை.

எங்கள் வீட்டில் நேற்று அப்பா பேங்கிலிருந்து வந்து, நாலு லட்சத்துக்கான லோன் ஃபாரத்தை என்னிடம் நீட்டி "நீதானே பி.காம், நிரப்பு" என்றார். எந்த நோக்கத்துக்காகக் கடன் என்று ஒரு கட்டம் இருந்தது. மாடி என்று எழுதப் போனேன். அப்பா பேனாவைப் பிடித்து நிறுத்தி, "கடைக்கால்னு எழுது" என்றார்.